உரிமத் தேர்வில் தங்கிப்போனவர்கள்: அமெரிக்கச் சமூகப்பணிக் கல்வி குறித்த நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் சமூகப்பணி வாரியங்களின் சங்கம் ஓர் அறிக்கையை வெளியிட்டது. ஏ.எஸ்.டபிள்யூ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சங்கம்தான் அந்நாட்டில் சமூகப்பணியாளர் உரிமத்துக்கான தேர்வை 1983 முதல் நடத்திவருகிறது. எந்த இனத்தவர் எவ்வளவு பேர் தேறுகிறார்கள் என்ற விவரம் முழு அளவில் பொதுவெளிக்கு வந்தது இந்த அறிக்கையில்தான். 2018 முதல் 2021 வரை, ஆலோசனையும் மனநலச் சிகிச்சையும் தனியாக அளிக்க உதவும் உயர்நிலை உரிமத்துக்கான ‘கிளினிக்கல்’ தேர்வை முதல்முறையாக எழுதிய வெள்ளையரில் 83.9 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். லத்தீனோ மக்களில் 65.1 சதவீதம். கறுப்பினத்தவரில் 45 சதவீதம். தோற்றுவிட்டு மறுபடியும் மறுபடியும் எழுதித் தேறியவர்களைக் கூட்டிக்கொண்டாலும் வெள்ளையர் 90.7, கறுப்பினத்தவர் 57 என்றுதான் கணக்கு நின்றது.

இவர்கள் எல்லோரும் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பை முடித்தவர்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்து, குறைந்தது 900 மணி நேரம் களப்பணி செய்து, அதையும் பெரும்பாலும் சம்பளமில்லாமல் செய்து பட்டம் வாங்கியவர்கள். கிளினிக்கல் தேர்வு எழுத வருகிறவர்களில் பலர் அதற்குப் பிறகும் மேற்பார்வையின்கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்திருப்பார்கள். அவர்களைத் தகுதியானவர்கள் என்று பேராசிரியர்கள் சொன்னார்கள், களப்பணி மேற்பார்வையாளர்கள் சொன்னார்கள், வேலை கொடுத்த நிறுவனங்கள் சொன்னார்கள். கணினி முன்னால் நான்கு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய ஒரு தேர்வு மட்டும் கறுப்பினத்தவரில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து இல்லை என்றது.

இந்த ஒரு தேர்வை நிகழ்வு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. உயர்கல்வியில் இனப் பாகுபாடு என்றதும் நாம் பாகுபாடு காட்டிய ஆளைத் தேடுகிறோம். வகுப்பில் இழிவாகப் பேசிய பேராசிரியர், விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்ட அதிகாரி என்று யாராவது கிடைத்தால் நிம்மதியாகிவிடுகிறோம். இந்த நிகழ்வில் அப்படி யாரும் கிடைக்கமாட்டார்கள். அறிக்கை வெளியானபோது ஏ.எஸ்.டபிள்யூ.பி.யின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டேசி ஹார்டி-சாண்ட்லர் ஒரு கறுப்பினப் பெண். கேள்வி எழுதுகிறவர்கள் சமூகப்பணியாளர்கள்; சமூக நீதியைத் தங்கள் தொழில் அறமாக ஏற்றுக்கொண்டவர்கள். யாருக்கும் தீய எண்ணம் இல்லை. ஆனாலும் 45-க்கும் 83.9-க்கும் நடுவில் இருக்கிற பள்ளம் ஆண்டுதோறும் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது. அமைப்பு சார்ந்த பாகுபாடு இப்படித்தான் இயங்குகிறது. எண்ணிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். எண்ணிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் அதை வெளியிடும் வரை, தோற்ற ஒவ்வொருவரும் குறை தன்னிடம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாறு உண்டு

அமெரிக்கச் சமூகப்பணி தன் கடந்த காலத்தை ஓரளவு நேர்மையாகவே பேசத் தொடங்கியிருந்த நேரத்தில்தான் இந்த எண்கள் வந்தன. 2021-ல் தேசியச் சமூகப்பணியாளர் சங்கம் பொது மன்னிப்புக் கேட்டது. வெள்ளையர்களுக்குத் தனி, கறுப்பர்களுக்குத் தனி என்று ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் சமூக நல மையங்களை நடத்தியது, பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பியதில் பங்கெடுத்தது, நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் கவனித்த டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வுக்குக் கறுப்பின ஆண்களைச் சேர்த்துக்கொடுத்தது, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாம்களில் வேலை பார்த்தது எல்லாவற்றையும் அந்த அறிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

கல்விப் பக்கத்துக் கதையும் வேறுமாதிரி இல்லை. கறுப்பின மாணவர்களுக்கு மற்றப் பள்ளிகளின் கதவு மூடியிருந்த காலத்தில், 1920-ல் அட்லாண்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த சமூகவியலாளர் ஈ. ஃபிராங்க்ளின் ஃபிரேசியர், இனவெறியை ஒரு மனநோயாக அலசிக் கட்டுரை எழுதியதற்காக 1927-ல் கொலை மிரட்டலுக்கு ஆளாகி ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது. 1968-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த தேசியச் சமூக நல மாநாட்டிலிருந்து கறுப்பினப் பணியாளர்கள் வெளியேறித் தங்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் மக்களைப் பற்றிய முடிவுகளைத் தாங்கள் இல்லாத அறைகளில் எடுக்கிறார்கள் என்பதே அவர்களுடைய கோபம்.

2022-ல் சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு, பாடத்திட்டத் தரநிலைகளைத் திருத்தியபோது இனவெறி எதிர்ப்பை ஒவ்வொரு மாணவரும் பெற்றாக வேண்டிய ஒன்பது திறன்களில் ஒன்றாகச் சேர்த்தது. வகுப்பில் இனவெறியை எதிர்க்கக் கற்றுக்கொண்ட மாணவிக்காகவே வெளியே போகும் வாசலில் இந்தத் தேர்வு காத்துக்கொண்டு நின்றது. இரண்டும் ஒரே ஆண்டில் அக்கம்பக்கத்தில் நடந்தன.

தேர்வைக் கிட்டே போய்ப் பார்த்தால்

அறிக்கை வந்த காலத்தில் தேர்வில் 170 கேள்விகள் இருந்தன. எல்லாம் கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வகை. 150-க்குத்தான் மதிப்பெண்; மீதி 20 கேள்விகள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. எவை எவை என்று தேர்வருக்குத் தெரியாது. கேள்விகளில் பெரும்பகுதி ஒரு சூழ்நிலையைச் சொல்லி, சமூகப்பணியாளர் ‘முதலில்’ என்ன செய்ய வேண்டும், ‘அடுத்து’ என்ன செய்ய வேண்டும், ‘மிகச் சரியானது’ எது என்று கேட்பவை.

அந்த வகையில் ஒரு கேள்வியை நானே அமைத்துக் காட்டுகிறேன். குழந்தையின் பள்ளிப் பிரச்சினைக்காக ஒரு தாய் முதல்முறையாக ஆலோசனை மையத்துக்கு வருகிறார். தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து, அக்காவும் உள்ளே இருக்கட்டும் என்கிறார். சமூகப்பணியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? விடைகள்: அக்காவை வெளியே காத்திருக்கச் சொல்வது, தாயிடம் இரகசியக் காப்பு விதிகளை விளக்குவது, அக்கா ஏன் கூட இருக்க வேண்டும் என்று விசாரிப்பது, இருவரையும் வரவேற்று உட்காரவைத்துப் பேச்சைத் தொடங்குவது.

நான்கில் மூன்றையாவது ஒரு நல்ல பணியாளர் அதே அரை மணி நேரத்துக்குள் செய்வார். எது முதலில் என்பதை அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து முடிவு செய்வார். அக்காவோ பாட்டியோ சபை அம்மையாரோ கூடவே வருவது இயல்பாக இருக்கிற சமூகத்தில் வளர்ந்த பணியாளருக்கு, முதல் வார்த்தையே விதியைப் பற்றியதாக இருந்தால் அந்தத் தாய் அடுத்த வாரம் வரமாட்டார் என்று தெரியும். தேர்வில் முகம் இல்லை. அலுவலகத்துக்குத் தனி மனிதராக வந்து, தனியாகக் கையெழுத்துப் போட்டு, தனியாகப் பேசும் வாடிக்கையாளர்தான் இயல்பானவர் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட பாடப்புத்தக வரிசைதான் இருக்கிறது. அந்த வரிசையை அறிந்தவருக்கு மதிப்பெண். தன் அனுபவத்தை நம்பியவருக்கு இல்லை.

பாகுபாடு இல்லாமல் பார்த்துக்கொள்ள ஒவ்வொரு கேள்வியையும் புள்ளியியல் முறையில் சோதிக்கிறோம் என்று ஏ.எஸ்.டபிள்யூ.பி. சொல்கிறது. உண்மைதான், சோதிக்கிறார்கள். ஒரே மொத்த மதிப்பெண் எடுத்த வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்டு, ஏதாவது ஒரு கேள்வியில் மட்டும் ஒரு தரப்பினர் வழக்கத்துக்கு மீறித் தவறுகிறார்களா என்று பார்ப்பார்கள். அப்படிப்பட்ட கேள்வி மாட்டினால் நீக்கிவிடுவார்கள். இங்கே ஒப்பிடுவதற்கான அளவுகோல் அதே தேர்வின் மொத்த மதிப்பெண். 150 கேள்விகளும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் எந்தக் கேள்வியும் தனியாக மாட்டாது. தராசே சாய்ந்திருக்கும்போது ஒவ்வொரு காயாக எடுத்து அதே தராசில் நிறுத்துப் பார்த்தால் சாய்வு எப்படித் தெரியும்?

சோதனைக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதே சிக்கல். தேர்வு முழுவதிலும் நன்றாகச் செய்கிறவர்கள் சரியாக எழுதும் கேள்விதான் தரமான கேள்வி என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. தேர்வு எழுதுவோரில் பெரும்பான்மையினர் வெள்ளையர். அவர்கள் தேறிய விதம் அடுத்த ஆண்டின் கேள்வியைத் தீர்மானிக்கிறது. அந்தக் கேள்வி அடுத்த ஆண்டு யார் தேறுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. இதற்கு ஒரு தீயவர் தேவையே இல்லை.

இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்ற கேள்வி 2022-க்கு முன்பே எழுந்திருந்தது. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், எம்.எஸ்.டபிள்யூ. முதலாண்டு மாணவர்களுக்குக் கிளினிக்கல் தேர்வின் மாதிரி வினாத்தாளைக் கொடுத்தார்கள். கேள்விகளை எடுத்துவிட்டு விடைத் தெரிவுகளை மட்டும் வைத்தார்கள். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் 25 சதவீதம் சரியாக வரும். அந்த மாணவர்கள் 52 சதவீதம் சரியாகத் தொட்டார்கள். என்ன கேட்கப்பட்டது என்றே தெரியாமல்! விடை எழுதுகிறவரின் நடை பிடிபட்டால் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்த நடை சிலருக்கு வீட்டிலும் பள்ளியிலும் பழகியது. மற்றவர்கள் காசு கொடுத்துப் பயிற்சி வகுப்பில் கற்க வேண்டும்.

தோற்றால் என்ன ஆகிறது

அறிக்கை வந்த காலத்தில் கிளினிக்கல் தேர்வின் கட்டணம் 260 டாலர். தோற்றால் 90 நாள் காத்திருந்து மறுபடி அதே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் நிஜமான இழப்பு கட்டணத்தில் இல்லை. உரிமம் வந்தால் பதவி உயர்வு என்ற நிபந்தனையோடு வேலையில் இருப்பவர் அதே கீழ்ச் சம்பளத்தில் தங்கிவிடுகிறார். கிளினிக்கல் உரிமம் இல்லாதவர் தன் பெயரில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பில் அனுப்ப முடியாது. தனியாக மையம் தொடங்க முடியாது. பிறருக்கு மேற்பார்வையாளராகவும் ஆக முடியாது.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. மேற்பார்வையாளர் பொறுப்பில் கறுப்பினத்தவர் குறைந்தால், அடுத்து வரும் கறுப்பின மாணவிக்கு வழிகாட்ட ஆள் குறைகிறது. கறுப்பினக் குடும்பங்கள் தங்களைப் புரிந்துகொள்ளும் ஆலோசகரைத் தேடி அலைகின்றன. தேர்வுக்குக் கேள்வி எழுதவும் உரிமம் பெற்றவர்களைத்தான் அழைக்கிறார்கள். வாசலில் தங்கிப்போனவர்கள் வாசலைத் திருத்தும் குழுவிலும் இடம்பெற முடியாது.

வயது கூடியவர்களும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களும் குறைவாகவே தேறுகிறார்கள் என்பதையும் அதே அறிக்கை காட்டியது. நமக்கு அக்கறை வர வேண்டிய இடம் இது. ஏ.எஸ்.டபிள்யூ.பி.யில் கனடாவின் மாகாண வாரியங்களும் உறுப்பினர்கள். ஒன்டாரியோவில் இந்தத் தேர்வைக் கொண்டுவரும் பேச்சு எழுந்தபோது அங்குள்ள சமூகப்பணிக் கல்வியாளர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. டொரன்டோ, ஸ்கார்பரோ பகுதிகளில் போரைக் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களோடு அவர்கள் மொழியிலேயே பேசி வேலை செய்யக்கூடியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்த எதிர்ப்பின் பொருள் நமக்கு உடனே விளங்கும். நடுத்தர வயதில் படிப்புக்குத் திரும்பிய, வீட்டில் தமிழ் பேசுகிற பெண்களும் அவர்களில் இருப்பார்கள்.

எண்கள் வெளிவந்த பிறகு

ஏ.எஸ்.டபிள்யூ.பி.யின் விளக்கம் இப்படி இருந்தது: தேர்வு சமுதாயத்தில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காட்டுகிறது; பள்ளிக் கல்வி, செல்வம், உடல்நலம் என எல்லாவற்றிலும் இருக்கும் இடைவெளிதான் இங்கேயும் தெரிகிறது. இதில் பாதி உண்மை இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் அதிகக் கடனோடு படிக்கிறார்கள். பலர் வேலையும் பார்த்துக்கொண்டு, சம்பளமில்லாத களப்பணியையும் முடித்துவிட்டுத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஆனால் ஏற்றத்தாழ்வைக் காட்டுவது ஒரு வேலை, அந்த ஏற்றத்தாழ்வின்படி உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் வேறு வேலை. இந்தத் தேர்வில் தேறியவர் தேறாதவரைவிட நல்ல பணியாளர், அவரால் வாடிக்கையாளருக்குத் தீங்கு குறையும் என்று காட்டும் ஆய்வு இருந்தால் அந்த வாதத்துக்கு வலு இருக்கும். பொதுமக்களைப் பாதுகாக்கவே தேர்வு என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு நடக்கிறது என்பதற்கான சான்றை அவர்கள் முன்வைக்கவில்லை.

2023 தொடக்கத்தில் தேசியச் சமூகப்பணியாளர் சங்கம் இந்தத் தேர்வுகளை வெளிப்படையாக எதிர்த்து அறிக்கை விட்டது. அந்தத் தொழிலின் மிகப் பெரிய சங்கமே தன் தொழிலின் நுழைவுத் தேர்வை எதிர்த்து நின்றது சாதாரண விஷயம் இல்லை.

நடைமுறையில் எல்லோருக்கும் முன்னால் போனது இல்லினாய். அறிக்கை வருவதற்கு முன்பே, 2021-ல் இயற்றிய சட்டத்தின்படி, 2022 ஜனவரி 1 முதல் அம்மாநிலத்தில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் முதல்நிலை உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டியதில்லை. பட்டமும் விண்ணப்பமும் போதும். ஓர் ஆண்டில் வழங்கப்படும் புதிய உரிமங்களின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. இத்தனை பேர் அதுவரை வாசலுக்கு வெளியே இருந்தார்கள் என்பதே அதற்கு அர்த்தம். கிளினிக்கல் நிலைக்கு இன்னொரு சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தேர்வில் தோற்றவர் கூடுதலாக 3,000 மணி நேரம் மேற்பார்வையின்கீழ் வேலை செய்து உரிமம் பெறலாம். வேறு சில மாநிலங்களும் கீழ்நிலை உரிமங்களுக்குத் தேர்வை நீக்கவோ நிறுத்திவைக்கவோ செய்தன. ஏ.எஸ்.டபிள்யூ.பி.யும் தேர்வைப் புதிதாக வடிவமைக்கும் வேலையில் இறங்கியது.

இல்லினாய் காட்டிய வழியை நான் வரவேற்கிறேன், ஆனால் முழு மனதோடு இல்லை. 3,000 மணி நேரம் என்றால் முழுநேர வேலையாக ஒன்றரை ஆண்டு. யார் அதிகம் தோற்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். ஆகவே அந்த ஒன்றரை ஆண்டைக் குறைந்த சம்பளத்தில் கழிக்கப்போவது யார் என்பதும் தெரியும். மேற்பார்வையாளரின் கையெழுத்தும் இனப் பாகுபாட்டுக்கு அப்பாற்பட்டது என்று சொல்லிவிட முடியாது. தேர்வு வேண்டாம் என்கிற நம்மில் பலர் இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். தேர்வில் நடந்த அநியாயத்துக்காவது எண்கள் இருந்தன. களப்பணியில் யார் தோல்வி என்று குறிக்கப்படுகிறார்கள், யாருடைய களப்பணி பாதியில் நிறுத்தப்படுகிறது, ‘தொழில் ஒழுங்கு’ போதாது என்று யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்பதை இனவாரியாக எண்ணி நாடு முழுவதற்குமாக வெளியிடுகிற வழக்கம் கிடையாது. உரக்கப் பேசினாள், தலைமுடி அலுவலகத்துக்கு ஏற்றதாக இல்லை, அதிகாரத்தை மதிக்கவில்லை என்கிற மாதிரியான வரிகள் மதிப்பீட்டுப் படிவத்தோடு கோப்பில் போய்ப் படுத்துவிடுகின்றன.

பாடத்திட்டத்தை மட்டும் மாற்றினால்

இதற்குப் பிரிட்டனில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1989-ல் அங்கே சமூகப்பணிப் பயிற்சியை நெறிப்படுத்திய மைய மன்றம், பேப்பர் 30 என்று அறியப்பட்ட ஆவணத்தில் புதிய டிப்ளமோவுக்கான விதிகளை வகுத்தது. இனவெறி பிரிட்டிஷ் சமுதாயத்தின் விழுமியங்களிலும் கட்டமைப்புகளிலும் ஊறியிருக்கிறது என்று ஓர் அரசு சார்ந்த அமைப்பு எழுத்தில் ஒப்புக்கொண்டது. மாணவர்கள் அதை எதிர்கொள்ளப் பயிற்சி பெற வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது. நாளிதழ்கள் பாய்ந்தன. 1993-ல் மன்றத்தின் புதிய தலைவரே அரசியல் சரித்தன்மை எல்லை மீறிவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். 1995-ல் ஆவணம் திருத்தப்பட்டபோது அந்தக் கூர்மையான வாக்கியங்கள் காணாமல் போயிருந்தன. ஆறே ஆண்டுகள். வாக்கியமாகச் சேர்த்ததை வாக்கியமாகவே நீக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் அதுவே நடக்கத் தொடங்கிவிட்டது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டு டெக்சாஸ், அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களை மூடச் சட்டம் கொண்டுவந்தது. ஃபுளோரிடாவின் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், அமைப்பு சார்ந்த இனவெறி நாட்டின் நிறுவனங்களில் இயல்பாகவே உறைந்திருக்கிறது என்ற கோட்பாட்டின் மேல் எழுப்பிய பாடங்களைப் பொதுக் கல்வியின் அடிப்படைப் பாடங்களாக வைக்கக் கூடாது என்றது. 2022 தரநிலைகளின்படி சமூகப்பணித் துறைக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் இனவெறி எதிர்ப்பைக் கற்பித்தாக வேண்டும். மாநில நிதி வேண்டுமென்றால் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். நடுவில் நிற்பது ஆசிரியர். அவரிடம் போய் இன்னும் துணிச்சலாக இருங்கள் என்று சொல்வது அநியாயம்.

அதனால்தான் இல்லினாயின் உரிமச் சட்டத்தை, எந்தப் பாடத்திட்ட வாக்கியத்தையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். அதன்மூலம் உரிமம் பெற்றவர்கள் இன்று வேலையில் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி எடுப்பது ஒரு பத்தியை அடிப்பதுபோல் எளிதல்ல. அடுத்து கல்லூரிகளின் முறை. சேர்ந்தவர்கள், களப்பணியில் தோற்றவர்கள், பாதியில் நின்றவர்கள், முடித்தவர்கள், உரிமம் பெற்றவர்கள் என்று ஐந்து வரிசையை இனவாரியாக ஒவ்வொரு கல்லூரியும் ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் போடட்டும். அங்கீகாரக் குழு பார்வையிட வரும்போது பாடத்திட்டத்துக்கு முன்னால் அந்த அட்டவணையைக் கேட்கட்டும். பள்ளம் தெரிகிற வரிசையில் மாணவருக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவதற்கு முன்பு, அந்த வரிசையில் முடிவெடுக்கிறவர்கள் யார், எதை வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று விசாரிக்கட்டும்.